கடல் பயிற்றிய காது: ஆரோக்கியசாமி பால்ராஜ் என்னும் பொறியியலாளர்



இன்றைய உரையின் பொருள் ஆரோக்கியசாமி பால்ராஜ் என்னும் தமிழ்ப் பொறியியலாளரின் வாழ்க்கை. பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் வளர்ந்தவர். நாற்பத்தேழு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். இந்த மண்டபத்தில் இருக்கும் ஏறத்தாழ எல்லாக் கைத்தொலைபேசிகளுக்குள்ளும் அவருடைய கருத்து ஒன்று வேலை செய்கிறது. வைஃபை பெட்டிக்குள்ளும் அதுவே. ஆனாலும் அவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேருக்குத் தெரியும்? கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக்கணக்கை ஒப்புவிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

பால்ராஜ் 1944 ஏப்ரல் 14இல், கோயம்புத்தூருக்குத் தெற்கே உள்ள பொள்ளாச்சியில் பிறந்தார். பள்ளிப் படிப்பு ஏற்காட்டு மலையிலுள்ள மொன்ட்போர்ட் பள்ளியில். பதினைந்து வயதில் தேசியப் பாதுகாப்புக் கல்விக்கழகத்தில் சேர்ந்தார். அங்கிருந்து கடற்படை, கடற்படையின் லோனாவாலா பொறியியல் கல்லூரி, மின்னியல் பயிற்சி என்று பாதை நீண்டது. இதுவரை அவருடைய வாழ்க்கை ஒழுங்கான ஓர் அதிகாரியின் வாழ்க்கைதான். கணித நூல்களைத் தாமாகவே தேடித் தேடிப் படித்தார் என்பது மட்டுமே வேறுபாடு. அந்த வேறுபாடு பின்னால் பெரிதாயிற்று.

1969இல் கடற்படை அவரை டில்லி இந்தியத் தொழினுட்பக் கழகத்துக்கு மேற்படிப்புக்கு அனுப்பியது. முதுகலைப் படிப்புக்குத்தான் அனுப்பியது. அங்கே பேராசிரியர் பி. வி. இந்திரேசன் இந்த இளைஞரின் ஆற்றலைக் கண்டுகொண்டு, முனைவர் பட்ட ஆய்வுக்கு மாற்றுவித்தார். நல்ல ஆசிரியர் ஒருவர் சரியான நேரத்தில் செய்யும் ஒரு காரியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? அதே காலத்தில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தோமஸ் கைலாத் டில்லிக்கு வந்து மதிப்பீட்டுக் கோட்பாடு பற்றி விரிவுரை நிகழ்த்தினார். பூனேயில் பிறந்த மலையாளியான கைலாத்தும் குடிபெயர்ந்த பொறியியலாளரே. அந்த விரிவுரை பால்ராஜின் ஆய்வுப் பொருளைத் தீர்மானித்தது. பட்டம் 1973இல் கிடைத்தது.

மதிப்பீட்டுக் கோட்பாடு என்றால் என்ன? நடுக்கடலில் ஒரு கப்பல் போகிறது. அது எங்கே நிற்கிறது என்று கருவிகள் சொல்கின்றன. ஆனால் எந்தக் கருவியும் பிழையில்லாமல் சொல்வதில்லை. ஒரு கருவி சற்று வடக்கே காட்டும், மற்றது சற்றுத் தெற்கே காட்டும். கப்பல் இயங்கும் விதமும் ஓரளவு தெரியும். இத்தனை அரைகுறைத் தகவல்களையும் சேர்த்து, உண்மைக்கு மிக அருகிலான விடையை, ஒவ்வொரு புதிய அளவீடும் வரவரத் திருத்திக்கொண்டே போவது எப்படி? இந்தக் கேள்விக்கு 1960இல் அழகான விடையொன்று வந்தது. தந்தவர் ருடோல்ஃப் கால்மன்.

இந்தக் கால்மன் யார்? அவரும் நாடுவிட்டு நாடு வந்தவர். 1930இல் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ற்றில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரின் நடுவில், 1943இல், குடும்பம் அந்நாட்டை விட்டு வெளியேறி, துருக்கியையும் ஆபிரிக்காவையும் சுற்றி அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் மின்பொறியியல் படித்தார். கொலம்பியாவில் முனைவர் பட்டம் பெற்றார். தம் புதிய முறையை அவர் வெளியிட்டது மின்பொறியியல் இதழில் அல்ல, இயந்திரப் பொறியியலாளர்களின் இதழில். சொந்தத் துறையார் ஐயத்தோடு பார்த்த கருத்து அது. ஆனால் நாசாவின் பொறியியலாளர் ஸ்ரான்லி ஷ்மிற் அதன் அருமையை உடனே உணர்ந்தார். சந்திரனுக்கு மனிதரைக் கொண்டுபோன அப்பலோ விண்கலத்தின் வழிகாட்டலில் அந்த முறை இடம்பெற்றது. இன்று விமானங்களின் வழிகாட்டலிலும் அது இருக்கிறது. கால்மன் 1964 முதல் 1971 வரை ஸ்ரான்போர்ட்டில் பேராசிரியராக இருந்தார். கைலாத் அங்கே அவருடைய சக பேராசிரியர். கால்மன் திறந்த வாசலில் கைலாத் மேலும் நடந்தார். அந்த வழியே வந்த அறிவுதான் டில்லி வகுப்பறையில் ஒரு கடற்படை அதிகாரியின் கைக்குக் கிடைத்தது. ஹங்கேரியிலிருந்து வந்த அகதிக் குடும்பத்துப் பிள்ளை, பூனேயிலிருந்து போன பேராசிரியர், பொள்ளாச்சியில் பிறந்த மாணவர். பொறியியலின் பரம்பரை இப்படித்தான் தேசப்படங்களைக் கடந்து ஓடுகிறது.

இனி 1971ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டு டிசெம்பரில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் போர். டிசெம்பர் 9ஆம் நாள் இரவு, குஜராத் பக்கம் டியூ கரைக்கு அப்பால், ஐ.என்.எஸ். குக்ரி என்ற இந்தியப் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி தாக்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தனர். கப்பல் தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு கடலுக்குள் போனார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கி ஒன்று போர்க்கப்பலை மூழ்கடித்தது அதுவே முதல் தடவை.

ஏன் இப்படி நடந்தது? நீர்மூழ்கியைத் தேடித்தான் குக்ரி போனது. ஆனால் குக்ரியின் காதைவிட ஹங்கோரின் காது கூர்மையானது. பிரான்சில் கட்டப்பட்ட அந்த நீர்மூழ்கி தூரத்திலேயே கேட்டுவிட்டது. குக்ரியில் இருந்த பழைய பிரித்தானியச் சோனார் கேட்க வேண்டிய தூரத்தில் கேட்கவில்லை.

சோனாரைப் பற்றிச் சற்று விளக்க வேண்டும். கடலுக்குள் ஒளி அதிக தூரம் போகாது. வானொலி அலையும் போகாது. ஒலி மட்டும் போகும். நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில் ஓடும். கப்பல் ஓர் ஒலியை அனுப்பும். அது நீர்மூழ்கியின் உடலில் பட்டுத் திரும்பும். திரும்பிய எதிரொலியைக் கேட்டு, திசையையும் தூரத்தையும் கணிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். ஆனால் வெப்பமண்டலக் கடலில் மேல்நீர் சூடு, கீழ்நீர் குளிர். வெப்பநிலை மாறும் படையில் ஒலி நேராகப் போகாது, கீழ்நோக்கி வளையும். அந்தப் படைக்குக் கீழே நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளும். அலையின் இரைச்சல், சொந்தக் கப்பலின் இயந்திர இரைச்சல், கடலடியிலிருந்து வரும் பொய் எதிரொலி எல்லாவற்றுக்கும் நடுவே மெல்லிய ஒரு மெய் எதிரொலியைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்கு ஒரு காது போதாது. பல காதுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒலி வந்துசேரும் நேரத்தில் உள்ள நுண்ணிய வேறுபாட்டைக் கணக்கிட வேண்டும்.

194 உயிர்கள் போன பிறகு, அந்த வகைப் பழைய சோனாரைத் திருத்தும் பொறுப்பு பால்ராஜிடம் வந்தது. புத்தகத்தில் படித்த மதிப்பீட்டுக் கோட்பாடு இப்போது உயிர் காக்கும் வேலையாயிற்று. இருந்த கருவியின் மின்சுற்றுகளை மாற்றி, அதன் கேட்கும் திறனைக் கூட்டிக் காட்டினார். பின்னர் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் ஆய்வு. திரும்பி வந்ததும் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுகூடத்தில் இதைவிடப் பெரிய வேலை காத்திருந்தது. வெளிநாட்டிலிருந்து வாங்காமல், முழுவதும் உள்நாட்டிலேயே ஒரு புதிய சோனாரை உருவாக்க வேண்டும். அப்சோ என்று பெயர் பெற்ற அந்தச் சாதனம் 1983இல் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அக்காலத்து மேற்குலகச் சோனார்களுக்கு ஈடாக அது மதிக்கப்பட்டது. பால்ராஜின் வாழ்க்கையில் மிக உயர்ந்த சாதனை எது என்று கேட்டால், உலகம் பிந்திய கண்டுபிடிப்பைச் சொல்லும். ஆனால் பொறியியலாளராக அவர் முழுமையடைந்தது கொச்சியில்தான். வசதி குறைந்த ஆய்வுகூடத்தில், உள்ளூர் இளைஞர்களைக் கொண்டு, கடலில் உண்மையாக வேலை செய்ய வேண்டிய கருவியைக் கட்டினார். அங்கே கற்றது வேறெங்கும் கிடைக்காத கல்வி.

1983இல் ஸ்ரான்போர்ட்டுக்குப் போய்க் கைலாத்தோடு மூன்று ஆண்டு ஆய்வு செய்தார். அங்கே ரிச்சட் றோய் என்பவரோடு சேர்ந்து, எஸ்பிரிட் என்ற கணிப்பு முறையை உருவாக்கினார். பல வாங்கிகளைக் கொண்டு, ஒரே வேளையில் பல திசைகளிலிருந்து வரும் அலைகளின் திசைகளைக் கண்டுபிடிக்கும் முறை அது. கடலில் பயின்ற காது இப்போது வானலைகளுக்குத் திரும்பியது என்பதைக் கவனிக்க வேண்டும். 1986இல் மீண்டும் இந்தியா. பெங்களூரில் செயற்கை நுண்ணறிவுக்கும் ரோபோவியலுக்குமான பாதுகாப்புத்துறை ஆய்வு மையத்தைத் தொடங்கி நடத்தினார். பாரத் எலெக்ரோனிக்ஸ் நிறுவனத்தின் மத்திய ஆய்வுகூடத்தையும் வழிநடத்தினார். 1991இல் கொமடோர் பதவியில் கடற்படையை விட்டு விலகினார்.

பிறகு அமெரிக்கா. வயது நாற்பத்தேழு. பலர் ஓய்வூதியக் கணக்குப் பார்க்கத் தொடங்கும் வயது. மூன்று ஆய்வுகூடங்களை ஆண்ட மனிதர், ஸ்ரான்போர்ட்டில் ஆய்வுத் துணைவர் என்ற சிறிய பதவியில் புதிதாகத் தொடங்கினார். பதவி போனால் மதிப்புப் போய்விடும் என்று அஞ்சியிருந்தால் அவர் போயிருக்கமாட்டார். வேலையில் இருந்த பற்று பதவியில் இருந்த பற்றைவிடப் பெரிது. புலம்பெயர்ந்து போன நம்மவரில் எத்தனையோ பேருக்கு இந்தப் படியிறக்கம் நன்றாகத் தெரியும். ஆசிரியராக இருந்தவர் கடையில் நின்றதும், பொறியியலாளராக இருந்தவர் மீண்டும் பரீட்சை எழுதியதும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நடந்த கதைகள்தான்.

1992இல், ஒரே அலைவரிசையில் கலந்து வரும் இரண்டு சமிக்ஞைகளைப் பிரிப்பது பற்றிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அனுப்பும் கருவிகள் இரண்டும் விலகி நின்றால் பிரிப்பது எளிது. நெருங்கி நின்றால் கடினம். அதுவே எதிர்பார்ப்பு. ஆனால் பரிசோதனையில் புதிய ஒன்று தெரிந்தது. சுற்றிலும் சுவர்களும் பொருள்களும் இருந்து, அலைகள் அவற்றில் பட்டுச் சிதறினால், நெருங்கி நிற்கும் கருவிகளின் சமிக்ஞைகளையும் பிரித்துவிட முடிந்தது!

அதுவரை உலகம் என்ன நினைத்தது? சுவரில் பட்டுச் சிதறும் அலை தொல்லை. வானொலி கரகரப்பதற்கும், தொலைக்காட்சியில் நிழலுருவம் விழுவதற்கும், பேச்சு அறுந்துபோவதற்கும் அதுவே காரணம். எல்லாரும் அதை ஒழிக்கப் பாடுபட்டனர். பால்ராஜ் அதைக் கருவியாக்கினார். அனுப்பும் பக்கத்தில் பல அன்ரெனாக்கள், வாங்கும் பக்கத்திலும் பல அன்ரெனாக்கள். ஒவ்வொரு அன்ரெனாவும் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், வெவ்வேறு தகவலை அனுப்பும். வழியில் எல்லாம் கலந்துவிடும். ஆனால் ஒவ்வொன்றும் வெவ்வேறு சுவர்களில் பட்டு, வெவ்வேறு தூரம் ஓடி வருவதால், ஒவ்வொன்றுக்கும் தனி முத்திரை உண்டு. நல்லூர்த் தேர்த்திருவிழாவில் மேளச்சத்தமும் அரோகரா ஒலியும் ஒலிபெருக்கியும் ஒன்றாய்க் கலந்து வந்தாலும், இரண்டு காதுள்ள ஒருவர் தன் பிள்ளை எந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறது என்று அறிந்துகொள்வதைப் போன்றது இது. வாங்கும் அன்ரெனாக்களும் கணிதமும் சேர்ந்து கலவையைப் பிரித்துவிடும்.

பயன் என்ன? வானலை என்பது அளவான சொத்து. அதைக் கூட்ட முடியாது. அரசாங்கங்கள் பெரும் பணத்துக்கு ஏலம் விடும் பொருள் அது. பழைய முறையில் தகவலை இரட்டிப்பாக்க, அலைவரிசையையும் இரட்டிப்பாக்க வேண்டும். புதிய முறையில் இரு பக்கமும் நான்கு நான்கு அன்ரெனா வைத்தால், நல்ல சூழ்நிலையில், அதே அலைவரிசையில் நான்கு மடங்கு வரை தகவல் போகும். இல்லாத நிலத்தை உருவாக்கியது போன்ற பேறு என்று இதைச் சொல்வது மிகையாகாது.

பால்ராஜும் கைலாத்தும் 1992இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தனர். 1994இல் அது வழங்கப்பட்டது. இந்த முறைக்கு உலகம் பின்னாளில் இட்ட பெயர் மைமோ. நேர்மையாகச் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. எந்தப் பெரிய கண்டுபிடிப்பும் ஒருவரால் மட்டும் முடிவதில்லை. பெல் ஆய்வுகூடத்தில் எம்ரே ரெலத்தார் 1995இலும் ஜெராட் பொஷினி 1996இலும் இதன் கணித எல்லைகளையும் செயல்முறையையும் ஆழமாக வகுத்தனர். ஆனால் கருத்தை முதலில் காப்புரிமையாக்கியதும், கடைசிவரை விடாமல் கருவியாக்கிக் காட்டியதும் பால்ராஜ். தொடக்கத்தில் நம்பியவர் குறைவு. சிக்கலானது, செலவானது, சிறிய கைத்தொலைபேசிக்குள் அடங்காது என்றார்கள். அவர் கட்டுரை எழுதி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1998இல் ஐயோஸ்பான் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மைமோவில் இயங்கும் கம்பியில்லா வலையமைப்பை உண்மையாகவே கட்டிக் காட்டினார். கொச்சியில் சோனார் கட்டியவருக்கு, நம்பாதவரை நம்பவைக்கும் வழி ஒன்றுதான் தெரியும்: வேலை செய்யும் கருவியைக் கொண்டுவந்து முன்னால் வைப்பது.

2003இல் ஐயோஸ்பானின் தொழினுட்பம் இன்ரெல் நிறுவனத்துக்குப் போனது. அப்போது இன்ரெலின் தலைவர் யார்? அன்ட்ரூ குரோவ். கால்மனைப் போல அவரும் புடாபெஸ்ற்றில் பிறந்த ஹங்கேரியர். 1936இல் யூதக் குடும்பத்தில் பிறந்து, நாட்சிகளிடமிருந்து குழந்தைப் பருவத்தில் உயிர்தப்பியவர். 1956இல் ஹங்கேரியப் புரட்சியைச் சோவியத் படை நசுக்கியபோது, எல்லையைக் கடந்து ஒஸ்திரியாவுக்கு ஓடினார். அந்த நாட்களில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஹங்கேரியர் அப்படி வெளியேறினர். மறு ஆண்டு நியூயோர்க்கில் இறங்கினார். பணமில்லை, ஆங்கிலம் போதாது, சிறுவயதுக் காய்ச்சலால் காதும் சரியாகக் கேட்காது. ஏழைகளுக்குத் திறந்திருந்த நகரக் கல்லூரியில் இரசாயனப் பொறியியல் படித்து 1960இல் பட்டம் பெற்றார். மூன்று ஆண்டுகளில் பேர்க்லியில் முனைவரானார். 1968இல் இன்ரெல் தொடங்கிய நாளிலிருந்து அதில் இருந்தார். இங்கே, யாழ்ப்பாணத்து அரியாலையில், இந்தக் கதைக்கு விளக்கம் தேவையில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில், யாழ்ப்பாணத்து இடப்பெயர்வின்போது, கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு செம்மணி வெளி தாண்டி நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தவர்கள் இந்த அவையிலேயே இருக்கக்கூடும்.

ஐயோஸ்பானுக்குப் பிறகு பால்ராஜ் பீசீம் என்ற இன்னொரு நிறுவனத்தைத் தொடங்கினார். 2010இல் அதைப் புரோட்கொம் வாங்கியது. 2009இல் வந்த வைஃபை தரத்தில் மைமோ இடம்பெற்றது. நான்காம் தலைமுறை வலையமைப்பில் இடம்பெற்றது. ஐந்தாம் தலைமுறைக் கோபுரங்களில் 64 அன்ரெனாக்கள் ஒரே பலகையில் நிற்பது இன்று வழமை. இந்தியா 2010இல் பத்மபூஷண் வழங்கியது. 2011இல் அலெக்சாண்டர் கிரஹம் பெல் பதக்கம். 2014இல் மார்க்கோனி பரிசு. 2018இல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

இந்த வாழ்க்கையைப் பார்க்கும்போது ஒரு கேள்வி எழும். அமெரிக்கா போனதால்தானே இத்தனையும்? பாதி உண்மை. அமெரிக்கா அவருக்கு ஆய்வுச் சுதந்திரத்தையும் முதலீட்டையும் கொடுத்தது. அதை மறுக்கக் கூடாது. ஆனால் வெறுங்கையோடு அவர் அங்கே போகவில்லை. டில்லி கொடுத்த கணிதம், குக்ரி கொடுத்த வேதனை, கொச்சி கொடுத்த கைப்பழக்கம் மூன்றையும் கொண்டுபோனார். சிதறும் அலைக்குள் ஒழுங்கைக் கேட்கத் தெரிந்த காது அரபிக் கடலில் பயின்றது. அந்தப் பயிற்சி இல்லாதவர்கள் அதே அமெரிக்காவில், அதே சிதறலை, தொல்லை என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இது புதிய செய்தியல்ல. கம்பர்மலையில் பிறந்த அழகையா துரைராஜா கேம்பிரிட்ஜில் றோஸ்கோவோடும் ஸ்கோஃபீல்டோடும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட களிமண் பற்றிய ஆய்வு, இன்றும் மண்பொறியியல் வகுப்புகளில் படிக்கப்படுகிறது. அவர் திரும்பி வந்தார், பேராதனையில் கற்பித்தார், போர் நடந்த ஆண்டுகளில், 1988 முதல் 1994 வரை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நின்றார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை வரைந்தார்; அரியாலை உவர்நீர்த் தடுப்பணையும் அந்த எண்ணத்தின் ஒரு பகுதிதான். போனவரும் உண்டு, திரும்பியவரும் உண்டு, போகாதவரும் உண்டு. மூன்று வகையினரையும் பொறியியலாளராக்கியது இங்கே கிடைத்த கணிதமும், கையில் கொடுக்கப்பட்ட உண்மையான வேலையும்தான்.

இன்று உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளையின் நாள் எப்படிப் போகிறது? ரியூசன், கடந்தகால வினாத்தாள், மீண்டும் ரியூசன். விடை தெரிந்த கணக்குகளையே செய்கிறது. விடை தெரியாத ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பு எங்கே? கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. வீதிக்கு வீதி தொலைபேசிக் கோபுரம் இருக்கிறது. பழுதாய்ப்போன வைஃபை பெட்டிகள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. அவற்றைக் கழற்றினால் இரண்டு மூன்று அன்ரெனாக்கள் தெரியும்.

பால்ராஜும் கைலாத்தும் பெற்ற அந்தக் காப்புரிமையின் காலம் முடிந்து பல ஆண்டுகளாகிவிட்டன. அதன் முழு வாசகமும் படங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உயர்தர இயற்பியலில் அலைகளைப் படித்த மாணவர், ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருந்தால், அதன் முதற் பக்கங்களை விளங்கிக்கொள்ளலாம். அரியாலைப் பாடசாலைகளின் அதிபர்கள் மாதத்தில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வரும் பொறியியலாளர்கள் கோயில் திருவிழாவோடு திரும்பிவிடாமல், அந்தப் பிற்பகலில் பிள்ளைகளோடு உட்கார்ந்து, பழைய பெட்டியொன்றைத் திறந்து காட்ட வேண்டும். இதுவே இந்த அவையிடம் வைக்கப்படும் வேண்டுகோள்.